காஞ்சிபுரத்துச் சீர்

பயணிகளின் தலைக் கணக்கில் நான் ஒரே ஒரு முறைதான் கோட்டை விட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருஷ டூர் மேனேஜர் உத்தியோகத்தில் ஒரே ஒரு முறை. அதையும் என் தப்பு என்று லேசில் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னை ஏமாற்றினார்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பல வருஷம் கழித்து அதே விஷயத்தில் நான் செய்தது இருக்கிறதே, அது முழுக்க முழுக்க என் தப்பு. அதற்கு வேறு யாரையும் கை காட்ட முடியாது.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீசுக்குச் சும்மா ஒரு எட்டு போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த மேனேஜர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறும் முன்பே பயணிகள் எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார்களாம். யாராவது வரவில்லை என்றால் போன் போட்டு, எங்கே நிற்கிறார் என்று படத்திலேயே பார்த்துவிடலாமாம். "சார், உங்க காலத்துல ஆளு காணாமப் போனா இன்னா சார் பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டார். "காணாமப் போக வுட்டாத்தானே!" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு நான் தவறவிட்ட ராமாயியின் முகம் கண்ணில் வந்து நின்றது. பொய் சொல்வது எனக்கு இன்னும் விட்டுப் போகவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரெண்டு வருஷம் கிளீனர், மூன்று வருஷம் டூர் சமையலில் எடுபிடி, அப்புறம்தான் மேனேஜர். அந்த ஐந்து வருஷத்தில் கற்றதைச் சொல்ல ஒரு வரி போதும்: பஸ் கிளம்பும் நேரத்தில்தான் ஜனங்களுக்கு வளையல் கடை கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு வேலை கொடுத்தவர் தனபாக்கியம்மா. வீட்டுக்காரர் இறந்த பிறகு ரெண்டு பஸ்ஸை வைத்துக்கொண்டு டிராவல்ஸை நடத்திய அம்மா. விடியற்காலையில் பஸ் கிளம்பும் முன்பு வந்துவிடுவார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு டயரையும் காலால் ஒரு உதை விடுவார். குடிதண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. மற்ற நாளெல்லாம் எங்களை "இன்னாடா" என்பவர், கோபம் வந்தால் மட்டும் "சார்" என்று கூப்பிடுவார். அந்த "சார்" காதில் விழுந்தால் டிரைவரே சீட்டை விட்டு இறங்கி நிற்பார்.

அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், பயணிகளை ஒன்று ரெண்டு என்று எண்ணாதே என்பதுதான். "ஆட்ட எண்ணு, மாட்ட எண்ணு. மனுசாள எண்ணாத. நம்ம ஜனங்களுக்கு அது புடிக்காது" என்றார். அதற்குப் பதிலாக அவர் வைத்திருந்த முறைக்கு மூன்று படி. முதலில் பட்டியலைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அடுத்து, ஒவ்வொருவரிடமும் "பக்கத்தாள் இருக்கா?" என்று கேட்க வேண்டும். அவர்கள் பக்கத்து சீட்டைப் பார்த்து "இருக்குது" என்று சொல்ல வேண்டும். தனக்காகப் பதில் சொல்கிறவன் அசட்டையாக இருப்பானாம், அடுத்தவனுக்காகச் சொல்கிறவன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பானாம். மூன்றாவதாக, மேனேஜர் கடைசி சீட்டிலிருந்து முன் சீட்டு வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி ஒரு நடை நடந்து வர வேண்டும். இந்த மூன்றும் முடிந்தால்தான் டிரைவர் கியர் போடலாம்.

எங்கள் பயணிகள் எல்லாரும் விவசாயக் குடும்பங்கள். களமருதூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கைலாசநாதர் கோவில் வெளிப்புல்வெளியைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, "ஒரே நாள்ல பத்து ஏக்கரு நெல்ல இங்க போட்டு அடிச்சுடலாம்யா, ராசா எடம் பாத்துத்தான் வாங்கிக்கீறான்" என்றார். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து, "இவ்ளோ தண்ணி, ஒரு காணிக்குப் பாயாது, தூ!" என்று கோபித்துக்கொண்ட ரிஷிவந்தியத்து அம்மாவும் உண்டு. இவர்களோடு ஊர் சுற்றினால் பொழுது போவதே தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு டூர் பேசியிருந்தார்கள். மற்றவர்கள் மாமல்லபுரம் வேண்டும், மெட்ராஸ் வேண்டும் என்பார்கள். இவர்கள் காஞ்சிபுரம் ஒன்றுதான் கேட்டார்கள். மாமல்லபுரம் நாங்களாகச் சேர்த்தது.

காரணம் அப்போது எனக்குத் தெரியாது. அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் ஏற்றிக்கொண்டு, திருக்கோவிலூர் ஆற்றுப் பாலம் தாண்டி இட்லி கொடுத்துவிட்டு, நான் என் வழக்கமான பேச்சை ஆரம்பித்தேன். "நாம போற காஞ்சிபுரம் பல்லவ ராஜாக்களோட தலைநகரம். அந்தக் காலத்துல..." என்று எடுத்ததுமே நடு சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "தெரியும் மேனேஜரே, அது எங்க ஊருதானே" என்றார். பஸ்ஸே ஆமாம் என்று தலையாட்டியது. அவர்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து கரியராமர் சாமியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்தவர்களாம். அண்ணன் தம்பிகள் மூன்று பேராம். எத்தனை தலைமுறைக்கு முந்தி என்று கேட்டேன். "அது யாரு கண்டா? ஊர மறந்துட முடியுமா?" என்றார்.

அவர்கள் காஞ்சிபுரத்தைப் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்து நான் கண்டதில்லை. ஊர் எல்லை வந்ததும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். கோபுரத்தைப் பார்த்ததைவிடத் தெருக்களைத்தான் அதிகம் பார்த்தார்கள். தறிச் சத்தம் கேட்ட வீட்டு வாசலிலெல்லாம் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, அங்கிருந்தவர்களிடம் "நல்லா கீறீங்களா?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரர்கள் திகைத்துப் போய், "ம்ம், நல்லா இருக்கோம்" என்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. சாயங்காலத்துக்குள் மாமல்லபுரம் போகவேண்டும். டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்குகிறார். நான் பேர் கூப்பிட்டேன். "ராமாயி" என்றதும் "ம்" என்று ஒரு குரல் வந்தது. பக்கத்தாள் கேட்டேன். ராமாயிக்குப் பக்கத்து சீட்டு அவள் நாத்தனார் காத்தாயி. "இருக்குது" என்றாள், கணீரென்று. தலை முதல் கால் வரை போர்வை மூடிய உருவம் ஒன்று ஜன்னலோரம் சாய்ந்திருந்தது எனக்கும் தெரிந்தது. அந்தக் கடைசி நடையை அன்றைக்கு நான் நடக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். என் பங்கு தப்பு அவ்வளவுதான்.

வாலாஜாபாத்தில் டீக்கு நிறுத்தினோம். தூங்குகிறவளை எழுப்பலாம் என்று போர்வையைத் தொட்டால் உள்ளே துணி மூட்டையும் ஒரு கூடையும்தான் இருந்தன.

"எங்கம்மா ராமாயி?"

"அவ தாய் வூட்ல கீறா" என்றாள் காத்தாயி, கொஞ்சமும் பதறாமல்.

"தாய் வூடா? மலையிலயா வுட்டுட்டு வந்தோம்?"

"காஞ்சிபுரத்துல மேனேஜரே. தாய் வூட்டுக்கு வந்தவள, வண்டி கிளம்பிடுச்சி வாடின்னு கையப் புடிச்சி இழுத்துக்கினு போறதா? யாருனா ஒரு வாய் சோறு போட்டு, மஞ்ச குங்குமம் குடுத்து, போயிட்டு வான்னு அனுப்ப வேணாமா?"

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். நாற்பது பேர் முன்னால் பொய் சொன்னாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். காத்தாயி அப்போதுதான் தலை குனிந்தாள்.

"வெக்கந்தான் மேனேஜரே. அவளுக்குப் பெத்தவங்க இல்ல, கூடப் பொறந்தது இல்ல. எங்க வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பதினஞ்சு வருசம் ஆவுது. ஒரு பொங்கலுக்குச் சீரு வந்ததில்ல, ரெண்டு புள்ள பெத்தா, ஒரு அண்ணன் தம்பி வந்து எட்டிப் பாத்ததில்ல. சண்ட வந்தா 'தாய் வூடு அத்தவ'ன்னு நான்தான் ஏசுவேன். இன்னிக்கி அந்த ஊருல எறங்கினதும், இதுதான் நம்ம எல்லாருக்கும் தாய் வூடுன்னா எனுக்கும் தாய் வூடுதானேன்னு கேட்டா. நான் இன்னா சொல்றது? ஏசுன வாயிதானே, பொய்யும் சொல்லட்டும்னு சொல்லிட்டேன்."

டிரைவரிடம் பஸ்ஸை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குத் திரும்பினேன். வழி முழுக்க வேண்டாத தெய்வமில்லை. எங்கே உட்கார்ந்திருப்பாள், யாராவது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போயிருந்தால் தனபாக்கியம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று உயிர் போய் உயிர் வந்தது.

ராமாயி எங்கும் போகவில்லை. கோவில் வாசலுக்கு எதிரே, பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரு படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்ன மூட்டை. அந்த வருஷத்துப் புதுச் சாமையை இடித்து அரிசியாக்கி, பிறந்த வீட்டுக்கு என்று மலையிலிருந்து முடிந்து கொண்டு வந்திருக்கிறாள்.

"எழுந்திரும்மா. அங்க அத்தினி பேரு காத்துக்கினு இருக்காங்க" என்றேன்.

"யாரும் இன்னும் போயிட்டு வான்னு சொல்லலியே" என்றாள்.

"இங்க உனுக்கு யாரம்மா இருக்காங்க சொல்றதுக்கு?"

அவள் தெருவில் போகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கத்தினேன். பூக்கடையில் இருந்த அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"யோவ், இன்னாய்யா பொம்பளகிட்ட நட்ட நடுத் தெருவுல கத்திக்கினு கீற?" என்று எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். வெற்றிலைச் சிவப்பு உதட்டில். நான் மூச்சிரைக்கக் கதையைச் சொன்னேன். பாதிக் கதையிலேயே கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டார். ராமாயியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, சாப்ட்டியா?"

"இல்ல."

"பொறந்த ஊருக்கு வந்த பொண்ணு வெறும் வயித்தோட குந்திக்கினு இருக்குது, இந்தாளு எழுந்திரு எழுந்திருன்றான்" என்று என்னைப் பார்த்து முறைத்தார். தன் தூக்குச் சட்டியைத் திறந்து, தனக்கு வைத்திருந்த புளிச்சோற்றை மந்தார இலையில் போட்டு ராமாயி முன்னால் வைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, மலையில் மழை உண்டா, பிள்ளைகள் எத்தனை, மாமியார் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாட்சைப் பார்த்தபோதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எழுந்து ராமாயி தலையில் ரெண்டு முழம் கனகாம்பரம் வைத்தார். மஞ்சளும் குங்குமமும் வெற்றிலை பாக்கும் ஒரு ரவிக்கைத் துணியும் வாழையிலையில் வைத்து மடித்து நாரால் கட்டினார். ரவிக்கைத் துணி யாருக்கோ வைத்துக் கொடுக்க வாங்கி வைத்திருந்தது போலிருக்கிறது, கடைப் பையிலிருந்து எடுத்தார்.

"போயிட்டு வா கண்ணு. ஆடிக்கி வா" என்றார்.

ராமாயி சாமை மூட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கல்யாணமாகிப் போகும்போது அழ ஆள் இல்லாமல் அடைத்து வைத்திருந்த அழுகை அது. என் கண்ணும் நிற்கவில்லை. சொல்ல என்ன வெட்கம்.

வாலாஜாபாத்தில் ஒரு ஆள் கூட முணுமுணுக்கவில்லை. மாமல்லபுரம் போச்சு என்று யாரும் சொல்லவில்லை. ராமாயி ஏறியதும் பஸ்ஸே கேட்டது ஒரே கேள்விதான்: "அனுப்பி வெச்சாங்களா?"

கள்ளக்குறிச்சி திரும்பித் தனபாக்கியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சீட்டுக் கிழிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் ரேடியேட்டர் மேல் கையை வைத்தபடி கடைசி வரை கேட்டார். அப்புறம், "அந்தப் பூக்காரம்மா பேரு இன்னா சார்?" என்றார்.

"கேக்கலீங்கம்மா."

"ஒரு பொண்ணுக்குத் தாய் வூடு புடிச்சிக் குடுத்துட்டு வந்துருக்கீங்க. அந்தம்மா பேரக் கேக்காம வந்துட்டீங்க. நீங்கல்லாம் ஒரு மேனேஜரா சார்?"

அடுத்த டூரில் போய் முதல் வேலையாகப் பேரைக் கேட்டேன். மங்கம்மா.

அதிலிருந்து வருஷம் தவறாமல் இது நடந்தது. தை மாதம் காஞ்சிபுரம் டூர் போட்டால், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் ராமாயியின் சாமை மூட்டை தொங்கும். சில வருஷம் கூடவே தேன் பாட்டிலும் கடுக்காயும் இருக்கும். திரும்பும்போது அதே கொக்கியில் மங்கம்மாவின் வாழையிலைப் பொட்டலம். அதை நானே மலைக்குக் கொண்டு போய்க் கொடுப்பேன். சீரைக் கொண்டு வருகிறவன் அண்ணனோ தம்பியோதானே, அதனால் நான் அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டேன். "மேனேஜரே" போய் "அண்ணே" வந்தது. நான் ஜீப்பிலிருந்து இறங்கினால் காத்தாயி ஊருக்கே கேட்கிற மாதிரி, "ராமாயிக்குத் தாய் வூட்டுச் சீரு வந்துடுச்சிடோய்!" என்று கத்துவாள். எனக்குச் சொந்தத் தங்கச்சி கிடையாது. அந்தக் கத்தலுக்காகவே மலை ஏறுவேன்.

ராமாயி மறுபடி காஞ்சிபுரம் போகவே இல்லை. இந்த ஆடிக்குப் போறேன் அண்ணே, அடுத்த ஆடிக்குப் போறேன் அண்ணே என்பாள். விதைப்பு வரும், ஆடு குட்டி போடும், வீட்டுக்காரர் படுத்துக்கொள்வார். போனில் பேசு என்றால், "மூஞ்சியப் பாக்காம இன்னா பேசுறது" என்பாள். மங்கம்மாவும் அதையேதான் சொல்வார். அந்த இருவரும் முகம் பார்த்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

நான் ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கும்போது, பூக்கடையில் மங்கம்மா இல்லை. அவர் மகள் தேவி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா போயிட்டாங்கண்ணா. இன்னியோட ஒம்பது நாளு. மலையக்காவுக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லாம, நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்கா வந்துடணும். மறக்காம சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றுதான் கிளம்பினேன். ஜீப்பில் மலை ஏறும்போது எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். போய் இறங்கினால் ராமாயி களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். காத்தாயி கத்தினாள். ராமாயி முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், வாயெல்லாம் பல். "அம்மா எப்படிண்ணே கீது?" என்று கேட்டாள்.

"நல்லாக்கீறாங்க" என்றது என் பாழாய்ப்போன வாய்.

சீர் எங்கே என்று கேட்டாள். ஜீப்பில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்று சமாளித்துவிட்டுக் கீழே ஓடி வந்து, கச்சிராயபாளையம் கடையில் மஞ்சளும் குங்குமமும் ரவிக்கைத் துணியும் வாங்கி, மறுநாள் கொண்டு போய்க் கொடுத்தேன். இவளுக்கு இருக்கிறது ஒரே ஒரு தாய் வீடு, அதையும் நான் எப்படிப் பிடுங்குவேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் தேவி கேட்டாள்: "அக்காவுக்குச் சொன்னீங்களா?" "சொன்னேம்மா, அவளுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். அவள் குனிந்து பூவைக் கட்டினாள். நான் நீட்டிய சாமை மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தாள். பதிலுக்கு எதுவும் கொடுக்கவில்லை. "பெத்தவ சாவுக்கு வராத பொண்ணுக்கு இன்னாத்துக்குண்ணா சீரு?" என்றாள். அன்றைக்குத்தான் என் பொய் செய்த வேலை எனக்குப் புரிந்தது. தாய் வீட்டைப் பிடுங்கக் கூடாது என்று பார்த்தவன், நானே அதை வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. மறுபடியும் கச்சிராயபாளையம் கடைக்குத்தான் போனேன்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். இனிமேல் சீர் கொண்டு வர எனக்கு வழியில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும். மனைவியிடம் கூடச் சொல்லாமல் மலைக்குப் போனேன். ராமாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னேன். காத்தாயியும் இருந்தாள்.

ராமாயி கேட்டு முடித்தாள். எழுந்து போய் அண்டாவிலிருந்து குடம் குடமாகத் தண்ணீரை மொண்டு, கட்டிய புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். ரெண்டு வருஷம் கழித்துச் சாவுக்குத் தலை முழுகுகிறாள். ஈரத்தோடு வந்து என் எதிரே நின்றாள்.

"யாரக் கேட்டு மறைச்சீங்க?"

"உனுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு..."

"பகையாளிக்குக் கூட சாவு சொல்லுவாங்க. வாக்கப்பட்டுப் போன பொண்ணுக்குச் சொல்லாம இருப்பாங்களா? சீரு வாங்குறதுக்கு மட்டுந்தான் நான் பொண்ணா? தூக்கிப் போடும்போது மாருல அடிச்சிக்கினு அழறதுக்குப் பொண்ணு இல்லியா? தாய் வூடு இல்லாம இருந்தேன், அது விதி. தாய் வூடு இருந்தும் சாவுக்குப் போவாதவன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டீங்களே மேனேஜரே!"

அண்ணே போய் மறுபடி மேனேஜரே ஆகிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் காலை மூன்று பேரும் கிளம்பினோம். டூர் பஸ் இல்லை, சாதாரண ரூட் பஸ். இறந்தவருக்குச் சாத்த என்று ராமாயி ஒரு கோடிச் சேலை வாங்கிக்கொண்டாள். மடியில் சாமை மூட்டை. வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் பாட்டில் நீட்டினால் காத்தாயி வழியாகத்தான் வாங்கினாள். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

பூக்கடையைத் தூரத்தில் பார்த்ததுமே ராமாயி தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். "என்னப் பெத்த தாயே, ஆடிக்கி வான்னியே, நான் வரலியே" என்று தெருவென்று கூடப் பார்க்காமல் மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். தேவி திகைத்துப்போய் எழுந்து நின்றாள். மடியிலிருந்த சாமை மூட்டையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மலையக்காவா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனுக்கு?" என்றாள் தேவி. குரல் கடுமையாக இருந்தது, கண் கலங்கியிருந்தது.

ராமாயி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அழுதுகொண்டே நின்றாள். நான்தான் முன்னால் போனேன்.

"நான் சொல்லலம்மா தேவி. அவளுக்கு நேத்துதான் தெரியும். உங்கிட்டயும் பொய், அவகிட்டயும் பொய். எல்லாம் நான் பண்ணது."

தேவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. "பதினாறாம் நாளு, மூத்த பொண்ணுக்குன்னு ஒரு எல தனியாப் போட்டு வெச்சிருந்தோம்ணா. சாயங்காலம் வரைக்கும் அந்த எலைய எடுக்கல" என்றாள். அப்புறம் என்னை விட்டுவிட்டு ராமாயியைக் கட்டிக்கொண்டாள். பூ வாங்க வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள். மேனேஜராக இருந்த காலத்தில் அந்தத் தெருவில் எத்தனையோ முறை வாட்சைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்க்கவில்லை.

தேவி எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கோடிச் சேலையை மங்கம்மா படத்துக்குச் சாத்தினார்கள். தேவி நாலு இலை போட்டாள். ஒன்று எனக்கும்தான். முதலில் உட்கார மனம் வரவில்லை. "குந்துங்கண்ணா, திட்டுறத அப்பறம் திட்டிக்கலாம்" என்றாள். உட்கார்ந்தேன். கிளம்பும்போது வாழையிலையில் மஞ்சள் குங்குமம் ரவிக்கைத் துணி வைத்து நாரால் கட்டி, ராமாயி கையில் கொடுத்தாள்.

"போயிட்டு வாக்கா. ஆடிக்கி வா."

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் ரூட் பஸ் நின்றிருந்தது. ராமாயியும் காத்தாயியும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின் சீட்டில் தனியாக. பஸ் கிளம்பப் போகிறது. காத்தாயி திரும்பிப் பார்த்து, "இன்னா மேனேஜரே, ரிட்டேடு ஆனா பேர் கூப்புட மாட்டீங்களா?" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"காத்தாயி, உன் பக்கத்தாள் இருக்கா?" என்றேன்.

அவள் கழுத்தை நீட்டி ராமாயி முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "இருக்குது" என்றாள்.

"ராமாயி, உன் பக்கத்தாள் இருக்கா?"

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்த பிறகுதான் வாய் திறந்தாள், காத்தாயியிடம் சொல்கிற மாதிரி.

"எல்லாருக்கும் கேக்குறாரு. பின்னால தனியா குந்திக்கினு கீறாரே, அவருக்கு யாரு கேக்குறது?"

பிறகு சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுசாகத் திரும்பி, என்னைப் பார்த்தாள்.

"அண்ணனும் இருக்குது" என்றாள்.